கோவளத்தில் காலைக் காற்றை நம்பி இறங்காதீங்க

ஜூன்ல காலை 6 மணிக்குச் சென்னைக்குத் தெற்கே இருக்கிற கோவளத்துல பாய்ப்பலகையோட (விண்ட்சர்ஃபிங்) கடல்ல இறங்கினா கரையோரம் பாய் தொங்கிப்போகுது, கொஞ்சம் உள்ளே போனதும் திரும்ப முடியலன்னு கேட்டிருந்தீங்க. காற்றுச் செயலி காட்டின 12 நாட் வேகம் (மணிக்கு சுமார் 22 கி.மீ.) பொய்யில்லை. நீங்க பார்க்காம விட்டது திசையை. அது மேற்கே இருந்து வர்ற கோடைக்காற்று. கரையில மரமும் கட்டடமும் தடுக்கும், உள்ளே போகப்போக வேகம் கூடும், உங்களை வங்காள விரிகுடாவுக்குள்ளேயே தள்ளும். புதுசா கத்துக்கிறவங்களுக்கு இதைவிட ஆபத்தான காற்று கிடையாது.

மதியம் வரைக்கும் பொறுங்க. தரை சூடேறினதும் கிழக்கு, தென்கிழக்கிலிருந்து கடற்காற்று ஏறும். பாயோ கயிறோ அறுந்தாலும் கரைப்பக்கமாத்தான் ஒதுக்கும். மேற்குக் காற்று பலமா இருக்கிற நாள்ல இது தாமதமாகும், சில நாள் வரவே வராது. நான் பார்க்கிறது சென்னையில கடலுக்குப் பக்கத்துல இருக்கிற நுங்கம்பாக்கம் வெப்பநிலையை: உள்ளே தள்ளி இருக்கிற மீனம்பாக்கத்துல இன்னும் ஏறிட்டிருக்கும்போது நுங்கம்பாக்கத்துல மட்டும் சட்டுனு இறங்கினா, கடற்காற்று கரை தொட்டாச்சு. அதோட, கரையில நிக்கிற படகுக் கொடி எந்தப் பக்கம் பறக்குதுன்னு பாருங்க. செயலியைவிட எனக்கு அதுமேலதான் நம்பிக்கை.

ராமேஸ்வரம் தீவுக்கு நவம்பர்ல போறதா சொன்னீங்களே, வேண்டாம். வடகிழக்குப் பருவமழை, புயல் காலம். வாடைக்காற்றுக்கு ஜனவரி, பிப்ரவரி. தென்மேற்குக் காற்றுக்கு ஜூன், ஜூலை. காற்று மாறினா தீவுல கரையையும் மாத்திக்கலாம், ஒரு பக்கம் பாக் விரிகுடா, மறுபக்கம் மன்னார் வளைகுடா.

பாய் எத்தனை சதுர மீட்டர்னு சொல்லவே இல்லையே?