டெக்சாஸில் ஒரு கிராமப்புறக் கவுண்டியின் பழைய வழக்குக் கோப்பைப் பார்ப்பது எப்படி?

முதலில் வழக்கு எந்தக் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) நடந்தது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மாநிலத்தில் 254 கவுண்டிகள். கோப்புகள் அந்தந்தக் கவுண்டியின் கிளார்க்கிடம்தான், அதாவது நீதிமன்றப் பதிவுகளை வைத்திருக்கும் அதிகாரியிடம்தான், இருக்கும். விவாகரத்து, பெரிய குற்ற வழக்கு என்றால் டிஸ்ட்ரிக்ட் கிளார்க். உயில், சிறு குற்றம் என்றால் பெரும்பாலும் கவுண்டி கிளார்க். ஆட்கள் குறைந்த இடங்களில் இரண்டு வேலையையும் ஒருவரே பார்ப்பார். 2020 கணக்கெடுப்பில் 64 பேரே இருந்த லவிங் கவுண்டியில் அப்படித்தான். 20,000 டாலர் வரையிலான சில்லறைப் பண வழக்குகள் மட்டும் ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் என்ற சிறு வழக்கு நீதிமன்றத்தில் தனியாகக் கிடக்கும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

இணையத்தில் எதுவும் சிக்கவில்லை என்பதால் வழக்கே இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். 20,000 பேருக்கும் குறைவான கவுண்டிகளில் சிவில் வழக்குகளை வக்கீல்கள் மின்வழியில் தாக்கல் செய்வது கட்டாயமானதே 2016 ஜூலையில்தான். அதற்கு முந்தியவை பெரும்பாலும் காகிதம். கிளார்க் அலுவலகத்துக்குப் போன் போட்டு, இரு தரப்புப் பெயரையும் தோராயமான ஆண்டையும் சொல்லித் தேடச் சொல்லுங்கள். சாதாரண நகலுக்குப் பக்கத்துக்கு 1 டாலர்.

தகவல் கேட்கும் மனு எழுதி நேரத்தை வீணாக்க வேண்டாம். டெக்சாஸின் பொதுத் தகவல் சட்டம் நீதிமன்றங்களுக்குப் பொருந்தாது. தத்தெடுப்பு, சிறார் வழக்குகளைப் பொதுவாகக் காட்டமாட்டார்கள். நீங்கள் தேடுவது திவால் வழக்கா? அது ஃபெடரல் (மத்திய அரசு) நீதிமன்றச் சமாச்சாரம்; அந்த நீதிமன்றங்களின் கோப்புகளைக் காட்டும் பேசர் (PACER) இணையதளத்தில் பக்கத்துக்கு 10 சென்ட்.