ஆர்.என்.ஏ.வைச் செயற்கையாகச் செய்வது ஏன் இவ்வளவு கடினம்?

கேள்வி: டி.என்.ஏ. இழையை எளிதாகத் தயாரித்துவிடுகிறார்கள். ரைபோசைம் எனப்படும் வினையூக்கி ஆர்.என்.ஏ.வை வேதிமுறையில் செய்வது மட்டும் ஏன் பெரும்பாடு?

எல்லாம் ஒரே ஒரு ஹைட்ராக்சில் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த சிறு தொகுதி) செய்யும் வேலை. இழையின் ஒவ்வொரு அலகிலும் உள்ள சர்க்கரையின் இரண்டாம் கார்பனில் ஆர்.என்.ஏ.வுக்கு அது உண்டு, டி.என்.ஏ.வுக்குக் கிடையாது. முதுகலைப் படிப்பில் ஆறு மாதம் அதனோடு மல்லுக்கட்டியிருக்கிறேன்.

என் ஆச்சிக்குச் சொந்த ஊர் பத்தமடை. பாவு நூலுக்குள் கோரை ஒவ்வொன்றாக நுழைவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். இதுவும் அப்படித்தான்: நுண்துளைக் கண்ணாடி மணியில் முதல் நியூக்ளியோடைடை, அதாவது இழையின் முதல் அலகை, நிறுத்தி, மற்றவற்றை ஒவ்வொன்றாகக் கோக்க வேண்டும். பாயில் பிசகினால் கோரையை உருவிவிடலாம்; இங்கே வழியில்லை. 40 நியூக்ளியோடைடு இழைக்கு 39 இணைப்புகள். ஒவ்வொன்றும் 99 சதவீதம் கூடினால் நூற்றுக்கு 68 இழைகள் முழுதாகத் தேறும். 97 சதவீதம் என்றால் முப்பதுதான்.

அந்த ஹைட்ராக்சிலைச் சும்மா விட முடியாது. பருத்த சிலில் தொகுதியால் அதன் வாயைக் கட்டுகிறோம். அந்தப் பருமனே அடுத்த இணைப்புக்கு இடைஞ்சல். கட்டை ஃபுளோரைடால் கடைசியில்தான் அவிழ்க்க வேண்டும். அதற்கு முன் அமோனியாவிலேயே கழன்றால், அலகுகளை இணைக்கும் பக்கத்துப் பாஸ்பேட்டைத் தாக்கி இழையை அறுத்துவிடும். இத்தனையும் தாண்டி வந்த என் இழையை, கையுறையில்லாமல் குழாய் மூடியைத் தொட்டுக் கெடுத்தேன். விரலில் இருக்கும், ஆர்.என்.ஏ.வை அறுக்கும் நொதி போதும். ஜெல்லில் ஒற்றைப் பட்டை தெரிய வேண்டிய இடத்தில் நீளமான சாம்பல் தீற்றல்.

சுத்தியல்தலை என்ற வகை ரைபோசைமின் தொழிலும் இதே அறுப்புதான், ஆனால் குறித்த ஒரே இடத்தில். அதன் வடிவத்தைக் காணப் படிகமாக்க வேண்டும்; அறுத்துக்கொண்டே இருப்பதைப் படிகமாக்குவது எப்படி? 1994இல் மெக்கே குழுவினர் அறுபடும் இழையை, அந்த ஹைட்ராக்சில் இல்லாத டி.என்.ஏ.வாகவே வைத்தார்கள். 1995இல் ஸ்காட்டும் ஆரன் குளுக்கும் அறுபடும் இடத்து ஹைட்ராக்சிலின் ஆக்சிஜனில் மட்டும் மெத்தில் தொகுதியைப் பூட்டினார்கள். நினைத்த இடத்தில் இப்படிப் பூட்ட வேதித்தொகுப்புதான் கைகொடுக்கும். பாடுபடுவதற்குப் பலனும் அதுவே.

கிடைத்த வடிவமோ வினைச் சோதனைகளோடு ஒத்துப்போகவில்லை. பத்தாண்டு வாக்குவாதம். 2006இல் மார்ட்டிக்கும் ஸ்காட்டும் முழுநீள ரைபோசைமின் வடிவத்தைக் கண்டபோதுதான் தெளிந்தது: இழை வளைந்து உண்டாகும் வெளிப்புறக் கண்ணிகள் ஒன்றையொன்று பற்றி மையத்தைச் சரியான நிலைக்கு இழுக்கின்றன. அவை இல்லாமலும் அறுக்கிறதே என்று முன்பு நறுக்கி எறிந்திருந்தது அந்தக் கண்ணிகளைத்தான்.