சின்ன வயசுல ஆடின டிவி கேமை இப்ப எமுலேட்டர்ல ஆடுறது நல்லதா, ஒரிஜினல் கன்சோல் வாங்கி ஆடுறது நல்லதா?

மரியோ, காண்ட்ரா, டேங்க் எல்லாத்தையும் அப்ப ஆடின அதே ஃபீலோட ஆடணும், அதுக்கு வெளிநாட்டுல இருந்து ஒரிஜினல் நின்டெண்டோவே வரவழைச்சிடலாமா, இல்ல கம்ப்யூட்டர்லயோ ஃபோன்லயோ பழைய கன்சோல் மாதிரியே நடிக்கிற சாஃப்ட்வேர், அதாவது எமுலேட்டர் போதுமான்னு கேட்டிருக்கீங்க. நீங்க தொண்ணூறுகள்ல நம்ம ஊர்ல வளர்ந்தவரா இருந்தா கண்ண மூடிக்கிட்டு எமுலேட்டர் பக்கம் போங்க. காசு மிச்சம்னு சொல்லலை. நாம ஆடின அந்த மெஷினுக்கு நின்டெண்டோவோட ஒரிஜினல் பெட்டிய விட எமுலேட்டர்தான் ரொம்ப கிட்ட வரும்.

ஏன்னா நம்ம தெருவுல முக்காவாசி வீட்ல இருந்தது நின்டெண்டோவே கிடையாது. 1983-ல ஜப்பான்ல நின்டெண்டோ விட்ட ஃபேமிகாம் இருக்கு பாருங்க, அத அப்படியே காப்பி அடிச்சு செஞ்ச மெஷின். மேல கேசட் சொருகுவோமே, அந்தக் கேசட்டுக்கு 60 பின். அதோட அமெரிக்க மாடலா 1985-ல வித்த என்இஎஸ்க்கு 72 பின், கேசட் சைஸே வேற, முன்பக்க மூடியத் திறந்து உள்ள தள்ளணும். அதனால பரண்ல உங்க பழைய கேசட் பத்திரமா இருந்தாலும் தனியா ஒரு கன்வெர்ட்டர் இல்லாம என்இஎஸ்ல போட முடியாது. இன்னொன்னு, நாம டேங்க்னு சொல்ற கேமோட நிஜப் பேரு பேட்டில் சிட்டி, நாம்கோ கம்பெனி 1985-ல ஜப்பான் ஃபேமிகாமுக்கு போட்டது, அமெரிக்க என்இஎஸ்க்கு அது வரவே இல்ல. அண்ணன் தம்பி ரெண்டு பேரும் சேர்ந்து கழுகக் காப்பாத்தின அந்தக் கேமை அங்க வளர்ந்த பசங்க நிறைய பேரு பாத்ததே கிடையாது.

சரி ஜப்பான் ஃபேமிகாமையே வாங்கிடலாம்னா அதுலயும் தலைவலி. அதோட அடாப்டர் 100 வோல்ட்டுக்கு, நம்ம 230 வோல்ட்ல நேரா சொருகினா போச்சு. முதல் மாடல்ல ஆன்டெனா வயர் வழியாத்தான் படம் வரும், அதுவும் ஜப்பான் சேனல்ல, என்டிஎஸ்சிங்கிற அவங்க ஊரு டிவி சிக்னல்ல. கன்ட்ரோலர் ரெண்டும் பெட்டியோடயே வயர்ல கோத்திருக்கும், கெட்டுப்போனா சட்டுனு கழட்டி வேற மாத்திக்க முடியாது.

இதெல்லாம் கூட சமாளிச்சிடலாம், எனக்கு முக்கியமாப் படறது வேகம்தான். நம்ம ஊரு டிவி பால் (PAL) சிஸ்டம், செகண்டுக்கு 50 தடவை படம் வரையும், ஜப்பான்லயும் அமெரிக்காவுலயும் என்டிஎஸ்சி, செகண்டுக்கு 60. அந்தக் காலத்து கேம் எல்லாம் ஒரு படம் வரைஞ்சா ஒரு அடி நகருன்னு கணக்கு வச்சு எழுதினது, அதனால 60-க்கு எழுதின கேமை 50-ல ஓட்டினா எல்லாமே ஆறுல ஒரு பங்கு மெதுவாயிடும், மரியோ ஓட்டம், எதிரி வர்றது, பாட்டு எல்லாம். நின்டெண்டோ ஐரோப்பாவுக்குன்னு செஞ்ச பால் மாடல்ல சிப்போட வேகத்தையும் 1.66 மெகாஹெர்ட்ஸா குறைச்சாங்க, அதனால பாட்டோட சுருதியும் இறங்கிப் போச்சு. காப்பி மெஷினுக்கு சிப் செஞ்ச தைவான்காரங்க வேற வழியில போனாங்க. படம் 50, ஆனா சிப் 1.77 மெகாஹெர்ட்ஸ், ஒரிஜினல்ல இருக்கிற 1.79-க்கு ரொம்ப பக்கத்துல. அதனால சுருதி கிட்டத்தட்ட அதேதான், தாளம் மட்டும் கொஞ்சம் நிதானம். அந்த நிதானமான மரியோ பாட்டுதான் நம்ம காதுல இருக்கிறது!

என் கூட ஆடின பசங்க எமுலேட்டர்ல மரியோ போட்டதும் எல்லாரும் கேட்டது "என்னடா இது இவ்ளோ வேகமா ஓடுது"ன்னுதான். எமுலேட்டர் சரியாத்தான் ஓட்டுது, அது அமெரிக்க வேகம், அவ்ளோதான். மெசன், எஃப்சிஇயுஎக்ஸ் ரெண்டு எமுலேட்டர்லயும் ரீஜன்னு ஒரு செட்டிங் இருக்கும், அதுல என்டிஎஸ்சி, பால் கூடவே டென்டின்னு மூணாவதா ஒண்ணு இருக்கும். டென்டிங்கிறது ரஷ்யாவுல வித்த காப்பி மெஷினோட பேரு, 50-ல ஓடற அந்த வகைக் காப்பிகளோட வேகக் கணக்கு அது. அதப் போட்டு ஒரு தடவை முதல் லெவல் ஓடிப் பாருங்க, குதிக்கிற நேரத்த விரலே சொல்லும். நின்டெண்டோ செஞ்ச எந்தக் கன்சோலும் இத உங்களுக்குத் தராது.

ஒரிஜினல் மெஷின் எங்க ஜெயிக்குதுன்னா பழைய குண்டு டிவியோட சேர்ந்தப்ப. கன்சோல் மட்டும் தனியா வாங்கி இப்ப இருக்கிற எல்இடி டிவியில மாட்டினா அது ரெண்டுங்கெட்டான். அந்தக் கன்சோல் அனுப்பற படத்த நிறைய புது டிவி தப்பாப் புரிஞ்சுக்கும், ரெண்டு படத்த ஒண்ணா கலக்கப் பாத்து மங்கலாக்கிடும், அடிபட்டதும் ஆளு சிமிட்டுவானே, அது கூட சில டிவியில சரியாத் தெரியாது. பட்டன் அமுக்கறதுக்கும் ஆளு குதிக்கிறதுக்கும் நடுவுல டிவி எடுத்துக்கற நேரம் வேற. குண்டு டிவியில சிக்னல் வர வர அப்பவே கோடு கோடா வரைஞ்சுட்டுப் போகும், காத்திருக்கிறதே கிடையாது.

துப்பாக்கி கேம் ஆடணும்னா குண்டு டிவி கண்டிப்பா வேணும். டக் ஹன்ட்ல ட்ரிகர இழுத்ததும் ஸ்க்ரீன் ஒரு ஃப்ரேம் கருப்பாகும், அடுத்து வாத்து இருக்கிற இடத்துல மட்டும் வெள்ளைக் கட்டம் வரும், துப்பாக்கிக்குள்ள இருக்கிற சென்சார் அந்த வெளிச்சம் தெரியுதான்னு பாக்கும். அந்த சென்சாரே குண்டு டிவி வரையற வேகத்துக்குன்னு செஞ்சது, எல்இடி டிவி முன்னாடி சும்மா பொம்மைதான். எமுலேட்டர்ல மவுஸ வச்சு சுடலாம், ஆனா அது அதே ஆட்டம் இல்லன்னு நான் ஒத்துக்குவேன்.

எமுலேட்டர்னா அரைகுறைன்னு ஒரு பேச்சு இன்னும் இருக்கு. 1997-ல நெஸ்டிகிள்ங்கிற எமுலேட்டர் வந்த காலத்துல அது நியாயம்தான், ஸ்லோ கம்ப்யூட்டர்ல ஓடணும்னு நிறைய குறுக்கு வழி வச்சிருந்தாங்க. அப்புறம் பையூன்னு ஒருத்தர் என்இஎஸ்க்கு அடுத்து வந்த கன்சோலான சூப்பர் நின்டெண்டோவுக்கு பிஸ்னெஸ்னு ஒரு எமுலேட்டர் எழுதினார், சிப் செய்யற ஒவ்வொரு வேலையையும் அப்படியே செய்யணும்னு வருஷக்கணக்கா உக்காந்தார். ஸ்பீடி கொன்சாலஸ் கேம்ல ஒரு லெவல்ல ஒரு ஸ்விட்ச தொட்டா மத்த எமுலேட்டர் எல்லாம் அப்படியே நின்னுடும், ஏன்னா அந்த கேம் இல்லாத மெமரி இடத்தப் படிக்கும், நிஜ மெஷின்ல அப்ப என்ன நடக்கும்னு துல்லியமாத் தெரிஞ்சாத்தான் தாண்ட முடியும். இப்படி ஒவ்வொண்ணையும் தேடித்தேடி சரி பண்ணின மனுஷன் 2021-ல போயிட்டார். அவர மாதிரி ஆளுங்க சம்பளமே இல்லாம செஞ்ச வேலையப் பாத்தா எமுலேட்டர டூப்ளிகேட்னு சொல்ல எனக்கு வாய் வராது. நின்டெண்டோவே 2016-ல வித்த குட்டி என்இஎஸ்க்குள்ள ஓடறதும் எமுலேட்டர்தான்.

கேசட்டுக்கும் ஆயுசு இருக்கு. சேவ் ஆகற கேசட்டுக்குள்ள ஒரு பேட்டரி இருக்கும், அது தீந்தா சேவ் போயிடும், புதுசு மாத்த சால்டரிங் தெரியணும். 2023-ல வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் கணக்கெடுத்தப்ப, 2010-க்கு முன்னாடி அமெரிக்காவுல வந்த கேம்ல 87 சதவீதம் இப்ப கடையில கிடைக்கிறதே இல்லன்னு தெரிஞ்சுது. எமுலேட்டர் இல்லேன்னா அதுல பெரும்பகுதிய அடுத்த தலைமுறை பாக்கவே வழியில்ல.

ஆடறப்ப சிலது கவனிங்க. படத்த 4:3-ல வைங்க, அகல டிவி முழுக்க இழுத்தா மரியோ குண்டாயிடுவார். ஒரு கோட்டுல 8 உருவத்துக்கு மேல காட்டாதுங்கிற லிமிட்ட எடுக்க ஒரு செட்டிங் இருக்கும், சிமிட்டல் குறையும்தான், ஆனா காஸில்வேனியா 2 சேத்துல கால மறைக்கறதே அந்த லிமிட்ட வச்சுத்தான், அதனால தொடாதீங்க. ரெட்ரோஆர்ச்ங்கிற எமுலேட்டர் ஆப்ல ரன் அஹெட்னு இருக்கிறத போட்டா பட்டன் தாமதம் நல்லா குறையும், சில கேம்ல நிஜ மெஷின விடவே குறைவு. ஆட்டத்த எந்த இடத்துலயும் அப்படியே சேவ் பண்ணி வைக்கிற சேவ் ஸ்டேட்ட காண்ட்ராவுல மட்டும் தொடாதீங்க, செத்துடுவோமோங்கிற பயம்தான் அந்த கேமே. ரோம் ஃபைல, அதாவது கேசட்டுக்குள்ள இருக்கிற கேமோட காப்பிய, டவுன்லோட் பண்றது காப்பிரைட் மீறல், காண்ட்ராவ முறைப்படி ஆடணும்னா 2019-ல கொனாமி போட்ட காண்ட்ரா கலெக்‌ஷன் ஸ்டீம்ங்கிற ஆன்லைன் கேம் கடையில கிடைக்குது, பழைய என்இஎஸ் வெர்ஷனும் அதுலயே இருக்கு. ஃபோன்ல ஸ்க்ரீனத் தேச்சு ஆடாதீங்க, கன்சோலுக்கு வச்சிருந்த காசுல ஒரு பங்கு எடுத்து நல்ல யுஎஸ்பி கேம்பேட் வாங்குங்க, ஒண்ணு இல்ல ரெண்டா வாங்குங்க, டேங்கும் காண்ட்ராவும் தனியா ஆடற கேம் இல்ல.