கத்தோலிக்கத் திருச்சபை 2022இல் உரோமையில் நடத்திய உலகக் குடும்ப மாநாட்டின் சின்னத்தில் இடப்பக்கம் தனியாக ஒரு குடும்பம் நிற்பது ஏன்?

அந்தக் குடும்பம் நிற்கும் இடத்தைப் பாருங்கள். வளைந்து போகும் கோடு, வத்திக்கானின் புனித பேதுரு சதுக்கத்தில் கட்டடக் கலைஞர் பெர்னினி எழுப்பிய தூண் வரிசை. அதன் உச்சியில் 140 புனிதர் சிலைகள் உண்டு. சின்னத்திலோ சிலைகளின் இடத்தில் ஒரு குடும்பம்! புனிதம் துறவிகளுக்கு மட்டுமல்ல, சமைத்து, பிள்ளை வளர்த்து வாழ்கிறவர்களுக்கும் உரியது என்பதே பொருள். மறைக்கல்வி வகுப்பில், அதாவது திருச்சபையின் சமயப் பாடத்தில், இச்சின்னத்தை விளக்கும்போது முதலில் சொல்லவேண்டியதும் இதுதான்.

சின்னத்தில் புனித பேதுரு பேராலயக் குவிமாடத்தின் கீழே கணவன், மனைவி, பிள்ளைகள், தாத்தா பாட்டி. மேலே சிலுவை, அதை இவர்களே தாங்குவதுபோல் வரைந்திருக்கிறார்கள். திருச்சபை 'குடும்பங்களின் குடும்பம்' என்று திருத்தந்தை பிரான்சிஸ் எழுதிய ‘அன்பின் மகிழ்வு’ மடலின் 87ஆம் பத்தி சொல்வதன் வரைவடிவம் இது.

சுவரொட்டிக்காகச் சின்னத்தைச் சதுரமாக வெட்டாதீர்கள். ஓரத்தில் நிற்பதால் இடப்பக்கக் குடும்பம்தான் முதலில் வெட்டுப்பட்டுப் போகும்.