வாரிசுப் பட்டியலில் ஐந்தாவது பெயர்

அன்புள்ள ஐயா,

அப்பா காலமாகி 52 நாள் ஆகிறது. அரசுத் துறையொன்றில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். கருமாதி முடிந்து, வாரிசுச் சான்றிதழுக்காகக் காகிதங்கள் தேடியபோது பீரோவின் அடித்தட்டில் ஒரு மஞ்சள் பை கிடைத்தது. மணியார்டர் ஒப்புதல் சீட்டுகள், ஒரு பெண் குழந்தையின் பள்ளிக் கட்டண ரசீதுகள், 2016இல் எடுத்த எல்.ஐ.சி. பாலிசி. நாமினி இடத்தில் அந்தப் பெண்ணின் பெயர். உறவு 'மகள்' என்று அப்பா கையாலேயே எழுதியிருக்கிறார். பிறந்த ஆண்டு 2003. கோயில் வாசலில் மாலையோடு அப்பாவும் வேறொரு பெண்மணியும் நிற்கும் போட்டோ ஒன்றும் இருந்தது. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் கல்யாணம் ஆனது 1984இல்.

தம்பி எல்லாவற்றையும் கொளுத்திவிடலாம் என்கிறான். "சின்ன வீட்டுக்கெல்லாம் சட்டத்துல ஒண்ணும் கிடையாதுக்கா, அம்மா, நீ, நான், மூணு பேருதான் வாரிசு" என்கிறான். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. 87 வயது அப்பத்தா எங்களோடுதான் இருக்கிறார். வீடு அப்பா கடன் வாங்கிக் கட்டியது. ஊரில் 1978 பாகப்பிரிவினையில் அப்பா பங்குக்கு வந்த ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. உயில் எதுவும் இல்லை. மனுவில் அந்தப் பெண்ணின் பெயரை எழுதினால் அம்மாவுக்குத் துரோகம் செய்தவள் ஆகிவிடுவேனா?

(பெயர், ஊர் வேண்டாம்.)

---

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் தம்பியின் கணக்கில் ஒரு பெயர் அல்ல, இரண்டு பெயர் விடுபட்டிருக்கிறது. முதல் பெயர் உங்கள் அப்பத்தா. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணின் மனைவி, மகன், மகள், தாய் நான்கு பேரும் முதல் வகுப்பு வாரிசுகள். ஆளுக்கு ஒரு பங்கு, எல்லாம் சமம். பெற்ற மகனைப் பறிகொடுத்துவிட்டு வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் கிழவியை வாரிசு மனுவில் மறந்துவிடுகிற குடும்பங்கள் நிறைய. வேண்டுமென்று செய்வதில்லை, நினைவுக்கு வருவதில்லை. மனுவில் முதலில் அவர் பெயரை எழுதுங்கள்.

இரண்டாவது பெயர் அந்தப் பெண்ணுடையது. சென்னை மாகாணத்தில் இந்துக்களின் இருதார மணம் 1949 சட்டத்தாலேயே தடுக்கப்பட்டது. பிறகு 1955 இந்து திருமணச் சட்டம் நாடு முழுவதற்கும் அதைக் கொண்டுவந்தது. உங்கள் அம்மா உயிரோடு, விவாகரத்து ஆகாமல் இருக்கையில் அப்பா செய்துகொண்ட இரண்டாவது திருமணம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது. அந்தப் பெண்மணி சட்டப்படி விதவை ஆகமாட்டார், அப்பாவின் சொத்தில் அவருக்கு வாரிசுப் பங்கு இல்லை. இதுவரை உங்கள் தம்பி சொல்வது சரி.

ஆனால் அதே திருமணச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, செல்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளையும் முறையான பிள்ளையே என்கிறது. 1976 திருத்தத்துக்குப் பிறகு, அந்தத் திருமணம் செல்லாது என்று எந்த நீதிமன்றமும் தீர்ப்பளித்திருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை. அந்தப் பிள்ளைக்குப் பெற்றோர் சொத்தில் உரிமை உண்டு, மற்ற உறவினர் சொத்தில் கிடையாது. 'பெற்றோர் சொத்து' என்பதற்குள் பூர்வீகச் சொத்தில் அப்பாவின் பங்கும் அடங்குமா என்று பல வருடம் இழுபறி இருந்தது. 2023 செப்டம்பர் 1 அன்று ரேவணசித்தப்பா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு அடங்கும் என்று சொல்லிவிட்டது. தகப்பன் இறந்த நொடியில் பாகம் பிரித்திருந்தால் அவர் கைக்கு என்ன வந்திருக்குமோ அதில் பங்கு. உங்களுக்கும் தம்பிக்கும் இருப்பதுபோல் பிறப்பாலேயே வரும் பங்கு அவருக்கு இல்லை.

உங்கள் குடும்பத்துக்கே கணக்குப் போடுவோம். வீடு அப்பாவின் சுயசம்பாத்தியம். அம்மா, அப்பத்தா, நீங்கள், தம்பி, அந்தப் பெண், ஆளுக்கு ஐந்தில் ஒன்று. நிலம் ஒன்றரை ஏக்கர் என்றால் 150 சென்ட். அது தாத்தாவுக்கும் முந்திய வழியில் வந்த பூர்வீகம் என்றால், அப்பா, நீங்கள், தம்பி மூவருக்கும் தலைக்கு 50 சென்ட் என்று முதலில் பிரியும். மகளுக்கும் இந்த உரிமை உண்டு என்பதை வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தமும் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 2020 தீர்ப்பும் உறுதி செய்திருக்கின்றன. நம் பக்கத்து வழக்கப்படி இந்தப் பிரிவினையில் மனைவிக்குத் தனிப்பங்கு வைப்பதில்லை. அப்பாவின் 50 சென்ட்தான் ஐந்து பேருக்குப் பிரியும், தலைக்கு 10. ஆக உங்களுக்கு 60, தம்பிக்கு 60, அம்மாவுக்கும் அப்பத்தாவுக்கும் பத்துப் பத்து, அந்தப் பெண்ணுக்குப் பத்து சென்ட். நிலம் தாத்தா சொந்தமாக வாங்கியதாக இருந்தால் கணக்கு மாறிவிடலாம். முழுவதும் அப்பாவின் தனிச்சொத்தாகி ஆளுக்கு 30 சென்ட் என்று வரக்கூடும். 1978 பாகப்பிரிவினைப் பத்திரத்தின் தொடக்கப் பகுதியில் அந்த நிலம் தாத்தாவுக்கு எப்படி வந்தது என்று எழுதியிருப்பார்கள். பட்டாவைப் பார்த்து இதை முடிவு செய்ய முடியாது. பத்திரத்தை எடுத்துக்கொண்டு வக்கீலிடம் போங்கள்.

(கிறிஸ்தவர், முஸ்லிம் குடும்பங்களுக்கு வேறு வாரிசுச் சட்டங்கள். இதைப் படிக்கும் மற்றவர்கள் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

"அவ கல்யாணத்தையே நிரூபிக்க முடியாது" என்று தம்பி அடுத்துச் சொல்வார். 16ஆம் பிரிவு செல்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளைக்கானது, ஆகவே ஏதோ ஒரு திருமணம் நடந்திருக்க வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் தமிழ்நாட்டில் 1967 திருத்தத்தால் அதே திருமணச் சட்டத்தில் சேர்ந்த 7ஏ பிரிவின்படி, உறவினர் நண்பர் முன்னிலையில் மாலை மாற்றிக்கொள்வதோ, மோதிரம் போடுவதோ, தாலி கட்டுவதோ போதும். புரோகிதரும் அக்கினியும் கட்டாயமில்லை. அந்தக் கோயில் வாசல் போட்டோ அவ்வளவு சாதாரணமான காகிதம் அல்ல. அதோடு பிறப்புச் சான்றிதழ், பள்ளி மாற்றுச் சான்றிதழ், ஆதார் ஆகியவற்றில் தகப்பன் பெயர் இருந்தால் அந்தப் பக்கம் வலுவாகவே நிற்கும். டி.என்.ஏ. சோதனை கேட்கலாம் என்பார்கள். நீதிமன்றங்கள் அதை எடுத்தவுடன் உத்தரவிடுவதில்லை. அப்பாவும் இப்போது இல்லை. ஒரே தகப்பனின் பிள்ளைகளை ஒப்பிட்டுச் சொல்லும் முடிவு, தகப்பனையும் பிள்ளையையும் நேரே ஒப்பிடுவதுபோல் உறுதியானதும் அல்ல.

இனி மனு. வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்ததும் அது வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் வழியாகத் தாசில்தாருக்குப் போகிறது. வி.ஏ.ஓ. அக்கம்பக்கத்தில் விசாரித்து எழுதுகிறார். அவருக்குத் தெரியாமல் ஒரு பெயரை விட்டுவிடுவது பெரிய வேலை இல்லை. மூன்று பெயரோடு சான்றிதழ் கைக்கு வந்துவிடவும் கூடும். தொல்லை அதற்குப் பிறகுதான். இந்தச் சான்றிதழ் யார் யார் வாரிசு என்று சொல்லும் காகிதம் மட்டுமே, அது யாருடைய சொத்துரிமையையும் உண்டாக்குவதுமில்லை, அழிப்பதுமில்லை. விடுபட்டவர் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம், உரிமையியல் நீதிமன்றத்தில் பாகம் கேட்டு வழக்குப் போடலாம். தான் ஒதுக்கப்பட்டது தெரியவந்த நாளிலிருந்து 12 வருடம் அவருக்கு அவகாசம் உண்டு. இடையில் நீங்கள் வீட்டை விற்றால், விற்றது உங்கள் பங்குகள் மட்டுமே. வாங்கியவர் உங்கள் மீது பாய்வார். தெரிந்தே பொய்யான உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டதற்குக் குற்றவழக்கும் வரலாம். அந்தப் பையை நீங்கள் திறந்து பார்த்துவிட்டீர்கள். 'தெரியாது' என்று சொல்லும் இடத்தில் இனி நீங்கள் இல்லை.

ஐந்து பெயரையும் எழுதினால் தாசில்தார் "நீதிமன்றத்துக்குப் போங்கள்" என்று திருப்பி அனுப்பக்கூடும். இரண்டு குடும்பம், பிணக்கு என்றாலே அப்படிச் செய்கிறார்கள். அந்தப் பெண்ணும் உங்களோடு சேர்ந்து, எங்களுக்குள் ஆட்சேபணை இல்லை என்று எழுத்தில் கொடுத்தால் பாதை எளிதாகும். ஆகவே மனுப் போடுவதற்கு முன்பே அவரைப் பார்த்துவிட வேண்டும்.

அம்மாவின் குடும்ப ஓய்வூதியம் தனி விஷயம், அதைத் தாமதிக்காதீர்கள். சட்டப்படியான மனைவி அவர்தான்; மற்றப் பெண்மணி அதைக் கோர முடியாது. ஆனால் செல்லாத திருமணத்துப் பிள்ளைக்கும் குடும்ப ஓய்வூதியத்தில் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2000இல் ராமேஸ்வரி தேவி வழக்கில் ஏற்றிருக்கிறது. இந்தப் பெண்ணுக்கு 25 வயது ஆகவில்லை. படிவத்தில் 'வேறு பிள்ளைகள் இல்லை' என்ற வரி இருந்தால் அம்மாவை அதில் கையெழுத்துப் போடவிடாதீர்கள். பிற்பாடு தெரியவந்தால் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள், அந்த வயதில் அவரால் தாங்க முடியாது.

அந்தப் பாலிசியைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. வங்கி வைப்புத்தொகையில் நாமினி பணத்தை வாங்கி வாரிசுகளுக்குக் கொடுக்க வேண்டியவர் மட்டுமே. ஆயுள் காப்பீட்டில் 2015 திருத்தம் அதை மாற்றியது: நாமினி பெற்றோரோ, கணவன் மனைவியோ, பிள்ளையோ ஆனால் தொகையை அனுபவிக்கும் உரிமையும் அவருக்கே. அப்பா 'மகள்' என்று எழுதிவைத்தது அவளுக்கு. பாலிசி எடுத்தபோது அவளுக்கு 13 வயது, ஆகவே மைனருக்காகப் பணத்தைப் பெற்றுக்கொள்ள ஒருவரை நியமித்திருப்பார்கள். பாலிசிப் பத்திரத்தில் அந்தப் பெயரைப் பாருங்கள். பெரும்பாலும் தாயார் பெயராக இருக்கும். அசல் பத்திரம் உங்கள் பீரோவில் கிடக்கும்வரை, இப்படி ஒன்று இருப்பதே அந்தப் பெண்ணுக்குத் தெரியாமல் போகலாம்.

பையைக் கொளுத்தக் கூடாது. இன்று மாலையே உங்கள் தம்பியையும், இருவரும் நம்பும் பெரியவர் ஒருவரையும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு காகிதமாக போனில் படம் எடுத்துப் பட்டியல் போடுங்கள். எந்த வரிசையில் கட்டியிருந்ததோ அதே வரிசையில் திரும்பக் கட்டுங்கள். அப்பா எதை எதோடு வைத்தார் என்பதே ஒரு தகவல். துருப்பிடித்த குண்டூசியைப் பிடுங்காதீர்கள், காகிதம் கிழியும். மெஷினில் வரும் வழவழப்பான ரசீதுகள் ஓரிரு வருடத்தில் வெளுத்து வெறும் தாளாகிவிடும், அவற்றை முதலில் ஜெராக்ஸ் எடுங்கள். மணியார்டர் சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கினால் எந்த மாதம் எவ்வளவு போனது, எந்த முகவரிக்குப் போனது, வாங்கிக் கையெழுத்துப் போட்டது யார் என்பது தெரியும். முகவரி மாறியிருந்தால் கடைசிச் சீட்டில் உள்ளதே பெரும்பாலும் இப்போதைய வீடாக இருக்கும்.

துரோகம் என்று கேட்டிருந்தீர்கள். துரோகம் நடந்தது உண்மை, அதை உங்கள் அம்மாவுக்குச் செய்தவர் அப்பா. உங்கள் பேனாவில் அது இல்லை. 2003இல் பிறந்த குழந்தையும் அதைச் செய்யவில்லை. 'சின்ன வீடு' என்ற சொல்லைத் தம்பி இனி வீட்டுக்குள் புழங்கவேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தச் சொல் அம்மாவையும்தான் அறைகிறது.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது? நாற்பது வருடம் கூடவே வாழ்ந்தவருக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது என்று நான் நம்பவில்லை. மாதச் சம்பளத்தில் ஒரு தொகை குறைவது குடும்பம் நடத்துகிறவளுக்குத் தெரியும். தெரிந்திருந்தால், தன் பிள்ளைகளுக்குத் தெரியாமல் காத்ததே அவருடைய கௌரவமாக இருந்திருக்கும். ஆகவே "உனக்குத் தெரியுமாம்மா?" என்று தொடங்காதீர்கள், அது விசாரணை ஆகிவிடும். தனியாக இருக்கும்போது, தம்பியும் மருமகளும் இல்லாத நேரத்தில், "அப்பா காகிதத்துல சிலது இருக்கு, உன்கிட்ட சொல்லணும், இப்பச் சொல்லட்டுமா, கொஞ்ச நாள் கழிச்சா?" என்று கேளுங்கள். நாளை என்றால் நாளை. சொல்லும்போது முதல் வாக்கியம் அவருடைய பாதுகாப்பைப் பற்றியதாக இருக்கட்டும்: பென்ஷன் உனக்கு வரும், இந்த வீட்டை விட்டு உன்னை யாரும் எழுப்ப முடியாதபடி செய்துதருகிறோம் என்று.

வெறும் வாயால் சொன்னால் போதாது. குடியிருக்கும் வீட்டில் பெண் வாரிசு பாகம் கேட்கக் கூடாது என்ற பழைய தடை 2005இல் நீங்கிவிட்டது, அந்தப் பெண் கேட்டால் வீடு பிரியலாம். அதனால் அவளுடைய ஐந்தில் ஒரு பங்குக்கு நியாயமான விலையைக் கொடுத்து, அந்தப் பங்கை விட்டுக்கொடுப்பதாகப் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வாங்கிக்கொள்வதே நல்லது. அரசு வழிகாட்டி மதிப்பை வைத்துக் கணக்குப் போட்டுக் குறைத்துவிடாதீர்கள். அக்கம்பக்கத்தில் உண்மையில் என்ன விலை போகிறதோ அது. அவள் தன் தரப்பில் ஒரு வக்கீலிடம் காட்டிக் கேட்க ஒரு வாரம் அவகாசமும் கொடுங்கள். நீங்களும் தம்பியும் உங்கள் பங்கை அம்மாவுக்கு எழுதிக்கொடுத்தால் அவர் மனம் அடங்கும்.

இன்னொன்று உங்கள் கடிதத்தில் இல்லை. அப்பா இறந்து 52 நாள் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வீட்டுக்கு 52 நாளாகப் பணம் போயிருக்காது. செய்தியாவது போயிருக்கிறதா? கருமாதிப் பத்திரிகையில் அவர்கள் பெயர் இருந்திருக்காது. யாரும் தகவல் சொல்லியிருப்பார்கள் என்றும் தோன்றவில்லை. 22 வயதுப் பெண் ஒருத்தி தன் தகப்பனின் போனுக்கு அழைத்துக்கொண்டே இருக்கலாம். அந்த போனை எடுத்துப் பாருங்கள். பிறகு நீங்களே நேரில் போங்கள், தம்பியை அனுப்பாதீர்கள். இறப்புச் சான்றிதழின் பிரதி ஒன்றும் அசல் பாலிசியும் எடுத்துச் செல்லுங்கள். பாலிசியைக் கொடுத்ததற்கு ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நிலம், வீடு, பங்கு எதையும் அன்று பேச வேண்டாம். அப்பா எந்தத் தேதியில், எப்படிப் போனார் என்பதை மட்டும் சொல்லிவிட்டு, தலைத்திவசம் எந்த நாளில் வருகிறது என்பதையும் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

அன்புடன்.