இன்சுலேஷன் போட்ட பிறகு சீலிங் ஏன் சொட்டுகிறது?

கேள்வி: எங்கள் இரண்டு மாடி வணிகக் கட்டடம் கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கிறது. கீழே ஷோரூம், மேலே அலுவலகம், பின்னால் தகரக் கூரை போட்ட குடோன். மேல்தளத்தில் வெக்கை தாங்கவில்லை, ஏசி செலவும் ஏறியது. அதனால் ஃபால்ஸ் சீலிங்கின் மேல் 50 மி.மீ. கிளாஸ்வூல் (கண்ணாடி இழைப் பஞ்சு) பரப்பினோம். வெக்கை குறைந்தது. ஆனால் சில மாதங்களில் சீலிங் பலகைகளில் கறை, அங்கங்கே சொட்டும் நீர், பூஞ்சை வாடை. மொட்டைமாடியில் தண்ணீர் தேக்கிப் பார்த்தோம், ஒழுக்கு இல்லை. இன்னும் தடிமனாகப் போட வேண்டுமா, வேறு பொருளுக்கு மாற வேண்டுமா? மேற்குப் பக்கக் கண்ணாடிக்கும் குடோனுக்கும் என்ன செய்யலாம்?

பதில்: தடிமனைக் கூட்டினால் சொட்டுவதும் கூடும். பொருளை மாற்றினாலும் நிற்காது. தவறு கிளாஸ்வூலில் இல்லை, அதை வைத்த இடத்தில் இருக்கிறது.

முன்பு எப்படி இருந்தது என்று பாருங்கள். ஃபால்ஸ் சீலிங்குக்கும் காங்கிரீட் தளத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளி, கீழே ஓடும் ஏசியின் குளிர்ச்சியில் கொஞ்சத்தைத் திருடிக்கொண்டிருந்தது. அதனால் மின்சாரம் வீணானது உண்மைதான். ஆனால் அங்கிருந்த காற்று அறைக்காற்றோடு கலந்து ஓரளவு உலர்வாகவும் இருந்தது. கிளாஸ்வூல் பரப்பியதும் இரண்டும் பிரிந்துவிட்டன. மேலே உள்ள காற்று இப்போது கிட்டத்தட்ட வெளிக்காற்றின் நிலையில் இருக்கிறது: சூடாகவும், அதைவிட முக்கியமாக, ஈரமாகவும். ஏசி டக்டும் (குளிர்காற்றைக் கொண்டுபோகும் பெருங்குழாய்) குளிர்ந்த குழாய்களும் டிரெயின் பைப்பும் ஓடுவது அதே இடத்தில்தான். அவை வியர்க்காமல் என்ன செய்யும்?

கடலோரத்தில் 32 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரப்பதம் என்பது அதிசயமான நாள் இல்லை. அந்தக் காற்றின் பனிநிலை சுமார் 28 டிகிரி. அதாவது 28 டிகிரிக்குக் கீழே எந்தப் பரப்பு இருந்தாலும் அதன்மேல் நீர் கோக்கும். டக்டுக்குள் ஓடுவது 13, 14 டிகிரிக் காற்று. சில்லர் (தண்ணீரைக் குளிரவைத்துச் சுற்றவிடும் இயந்திரம்) வைத்த கட்டடம் என்றால் குழாயில் 7 டிகிரித் தண்ணீர். அந்தக் குழாய்மேல் சுற்றும் இன்சுலேஷனின் மேல்தோல் 28 டிகிரிக்குக் கீழே போகாமல் காக்கத் தட்டையான பரப்புக்குக் கணக்குப் போட்டால், நைட்ரைல் ரப்பர் (குழாயில் சுற்றும் நுரை ரப்பர்) சுமார் 25 மி.மீ. போதும் என்று வருகிறது. ஈரப்பதம் 90 சதவீதமானால் அதே கணக்கு 55 மி.மீ.யைத் தாண்டும். பத்து சதவீத ஈரம் தடிமனை இரட்டிப்பாக்கிவிடுகிறது. காற்றோட்டமில்லாத சீலிங் இடைவெளியிலும், பளபளப்பான அலுமினியத் தகடு சுற்றிய குழாயிலும் இன்னும் அதிகம் வேண்டும். பளபளப்பான பரப்பு சுற்றியுள்ள வெப்பத்தை வாங்கிக்கொள்ளாது, அதனால் குளிர்ச்சியாகவே இருந்து வியர்க்கும்.

சரி, அந்த ஈரம் எங்கிருந்து வருகிறது? சுவரை ஊடுருவி வருவதைவிடக் காற்றோடு சேர்ந்து ஓட்டைகள் வழியாக வருவதுதான் மிக அதிகம். வெளிக்காற்று ஒரு கிலோவில் 24 கிராம் நீர் இருக்கிறது. 24 டிகிரி, 55 சதவீதத்தில் வைத்த உங்கள் அறைக்காற்றில் 10 கிராம்தான். மணிக்கு 100 கனமீட்டர் வெளிக்காற்று உள்ளே கசிகிறது என்று வைத்துக்கொள்வோம். அதோடு மணிக்கு சுமார் 1.6 லிட்டர் நீர் கூடுதலாக வருகிறது, பத்து மணிநேர அலுவலக நாளில் 16 லிட்டர். அந்தக் காற்றைக் குளிரவைக்க ஏசிக்குக் கால் கிலோவாட் வேலைதான். அதிலுள்ள நீரைப் பிழிந்து எடுக்க அதைப்போல் நான்கு மடங்கு. இந்தப் பகுதி வேலையை எந்த இன்சுலேஷனும் குறைக்காது. ஆகவே கடலோரக் கட்டடத்தில் ஈரக்காற்றை முதலில் கட்டுங்கள், வெப்பத்துக்கு அப்புறம் வரலாம்.

இதற்குக் கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. ஒரு மாலை ஏசியை நிறுத்திவிட்டு, கழிவறை, பேன்ட்ரி எக்ஸாஸ்ட் ஃபேன்களை மட்டும் ஓடவிட்டு, கதவு ஜன்னல்களைச் சாத்துங்கள். சீலிங்கில் ஒரு பலகையைத் திறந்து, பீமுக்கும் வெளிச்சுவருக்கும் இடையே, கேபிள் நுழையும் துளைகளில், ஜன்னல் சட்டத்தின் ஓரத்தில் ஊதுபத்திப் புகையைக் காட்டுங்கள். புகை உள்நோக்கி வளைந்தால் அங்கே ஓட்டை. சுவரைச் சீலிங் மட்டத்துக்குச் சற்று மேல்வரை மட்டும் பூசிவிட்டு, அதற்கு மேலே கல் இடுக்குகளை அப்படியே விட்டிருப்பார்கள். யாரும் பார்க்காத இடம் என்பதால் மேஸ்திரிக்கும் கவலையில்லை. அவற்றை அடைத்துவிட்டு ஃபேன் கணக்கையும் பாருங்கள். வெளியேற்றும் காற்றைவிடச் சற்று அதிகமாக, ஈரம் நீக்கிய புதுக்காற்றை ஏசி அமைப்பு உள்ளே கொடுக்க வேண்டும். அப்போதுதான் கட்டடம் ஓட்டை வழியாக உள்ளே உறிஞ்சாமல் வெளியே ஊதும். சீலிங் இடைவெளியே ஏசிக்குத் திரும்பும் காற்றின் பாதையாக இருந்தால் இரட்டைக் கவனம் வேண்டும். அந்த இடம் எப்போதும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

ஆவித் தடுப்பு விஷயத்துக்கு வருகிறேன். நம் கையில் கிடைக்கும் கட்டுமான வரைபடங்களில் பல, குளிர்நாடுகளுக்கு வரைந்தவை. அங்கே ஈரம் சூடான அறையிலிருந்து குளிர்ந்த வெளிப்பக்கம் போகிறது, அதனால் தடுப்புத் தாளை அறைப் பக்கம் ஒட்டுவார்கள். ஏசி போட்ட கடலோரக் கட்டடத்தில் எல்லாம் தலைகீழ். ஈரம் வெளியிலிருந்து உள்ளே தள்ளுகிறது, எனவே தடுப்பு இன்சுலேஷனின் வெளிப்பக்கம் இருக்க வேண்டும், உள்பக்கம் ஈரம் உலர்ந்து போக வழிவிட வேண்டும். அறைச் சுவரில் வினைல் வால்பேப்பர் ஒட்டிய ஹோட்டல் அறைகளில், தாளை உரித்தால் பின்னால் கறுப்புப் பூஞ்சை படர்ந்திருப்பது இதனால்தான். வெளியிலிருந்து வந்த ஈரம் அந்தத் தாளின் முதுகில் மாட்டிக்கொள்கிறது. உங்கள் அலுவலகத்தில் அப்படி ஏதாவது ஒட்டியிருந்தால், வெளிச்சுவர்களில் மட்டுமாவது அதை எடுத்துவிட்டுச் சாதாரண எமல்ஷன் அடியுங்கள்.

மொட்டைமாடிக்கு என் பரிந்துரை, சீலிங்கை விட்டுவிட்டு இன்சுலேஷனைத் தளத்தின் மேலே கொண்டுபோவது. 150 மி.மீ. காங்கிரீட் தளத்தின் யு மதிப்பு (ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு ஒரு சதுர மீட்டர் வழியே எத்தனை வாட் வெப்பம் கடக்கிறது என்ற எண்) சுமார் 3.3. அதன்மேல் 50 மி.மீ. எக்ஸ்.பி.எஸ். (நீர் ஏற்காத கெட்டியான பாலிஸ்டைரீன் நுரை) பலகை வைத்தால் 0.55 அளவுக்கு இறங்குகிறது, அதாவது தளம் வழியே வரும் வெப்பத்தில் ஆறில் ஐந்து பங்கு நின்றுவிடுகிறது. இன்னொரு 50 மி.மீ. சேர்த்தால் 0.3. அந்த இரண்டாவது அடுக்கு நிறுத்துவது, தொடக்கத்தில் வந்த வெப்பத்தில் நூற்றுக்கு ஏழெட்டுதான். ஆகவே 75 மி.மீ.க்கு மேல் விற்க வருபவரிடம் கணக்கைக் கேளுங்கள். அந்தக் காசைக் கண்ணாடியில் போடலாம்.

வரிசை இது: தளத்தின்மேல் வாட்டர்ப்ரூஃபிங், அதன்மேல் எக்ஸ்.பி.எஸ்., அதன்மேல் வடிகட்டித் துணி, கடைசியில் ஓடு அல்லது காங்கிரீட் பூச்சு. தண்ணீர் வழிந்தோட வாட்டம் சரியாக இருக்க வேண்டும். வாட்டர்ப்ரூஃபிங் வெயில் படாமல் அடியில் இருப்பதால் நீண்டகாலம் உழைக்கும். ஆனால் ஒன்று, மூடுவதற்கு முன் தளத்தின் அடிப்பக்கத்தைத் தட்டிப் பாருங்கள். உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்து வீங்கினால் காங்கிரீட் பொள்ளலாக ஒலிக்கும், பிறகு பெயரும். அதைச் சரிசெய்யாமல் மேலே எதையும் போடாதீர்கள். இன்சுலேஷன் தளத்துக்கு மேலே போனபின் சீலிங் இடைவெளியும் அறையின் நிலைக்கு வந்துவிடும், டக்ட் வியர்ப்பதும் அடங்கும்.

வெள்ளை வெப்பத்தடுப்புப் பெயின்ட் மட்டும் போதாதா என்று அடுத்து கேட்பீர்கள். புதிதில் வெயிலில் எழுபது எண்பது சதவீதத்தைத் திருப்பி அனுப்பும், நல்ல பொருள்தான். ஆனால் ஈரமான ஊரில் அதன்மேல் பாசியும் அழுக்கும் படிந்து சில வருடங்களிலேயே மங்கிவிடும். வருடம் ஒருமுறை கழுவுவீர்கள் என்றால் அடியுங்கள்.

மேற்குக் கண்ணாடியில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். மாலை வெயில் ஒரு சதுர மீட்டர் கண்ணாடியில் 600 வாட் விழுகிறது என்று கொள்ளுங்கள். சாதாரணத் தெளிவான ஒற்றைக் கண்ணாடி அதில் சுமார் 80 சதவீதத்தை, அதாவது 480 வாட்டை, உள்ளே விடும். வெளியே 33, உள்ளே 24 டிகிரி என்ற வித்தியாசத்தால் கண்ணாடி வழியே கடந்து வருவது வெறும் 50 வாட். இரட்டைக் கண்ணாடி விற்பவர் குறைத்துக் காட்டுவது பெரும்பாலும் இந்த ஐம்பதைத்தான். நீங்கள் கேட்க வேண்டிய எண் எஸ்.எச்.ஜி.சி., அதாவது விழும் வெயில் வெப்பத்தில் எத்தனை பங்கைக் கண்ணாடி உள்ளே விடுகிறது என்பது. அது 0.3 அல்லது அதற்குக் கீழே இருந்தால் 480 வாட் 180 ஆகிவிடும். அதைவிட நல்லது வெயில் கண்ணாடியைத் தொடாமலே செய்வது. மேற்கில் சூரியன் தாழ்ந்து வருவதால் மேலே நீட்டிய சஜ்ஜா உதவாது, வெளிப்புறத்தில் செங்குத்துத் தடுப்புகளோ ஜாலியோ வைக்க வேண்டும். உள்ளே போடும் பிளைண்ட் கண் கூசாமல் இருக்க உதவும், அவ்வளவுதான். அது சூடாகும்போது வெப்பம் ஏற்கெனவே அறைக்குள் வந்துவிட்டது.

குடோன் வேறு கதை. அங்கே ஏசி இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். பகலில் தகரம் 60, 70 டிகிரிக்குச் சூடேறி, கீழே உள்ள சரக்கின்மேல் வெப்பத்தைக் கதிராகப் பொழிகிறது. இதற்குத் தகரத்துக்கு அடியில் விரிக்கும் அலுமினிய ஃபாயில் மிக நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் வெப்பம் மேலிருந்து கீழே வரும்போது காற்று அதிகம் சுழல்வதில்லை, கதிர்வீச்சுதான் பெரும் பங்கு. ஆனால் பளபளப்பான பக்கத்தை ஒட்டி குறைந்தது 25 மி.மீ. காற்றிடைவெளி வேண்டும். இரு பக்கமும் எதிலாவது ஒட்டிப் பதித்துவிட்டால் அது வெறும் உலோகத் தாள்தான். பளபளப்பான பக்கம் கீழே பார்த்தால் தூசு படியாது. இரவில் இன்னொரு தொல்லை: தெளிந்த வானத்தைப் பார்த்துக் குளிரும் தகரம் காற்றைவிடக் குளிர்ந்துபோய், அடிப்பக்கத்தில் பனி கோத்துச் சரக்கின்மேல் சொட்டும். ஃபாயில் இணைப்புகளை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி டேப் ஒட்டினால்தான் உள்ளிருக்கும் ஈரக்காற்று தகரத்தைத் தொடாமல் இருக்கும். பின்னால் எப்போதாவது குடோனுக்கும் ஏசி வைப்பதாக இருந்தால், இப்போதே பஃப் பேனலாக (இரு தகடுகளுக்கு நடுவே பாலியூரித்தேன் நுரை வைத்தது) போட்டு, இணைப்புகளை வெளிப்பக்கத்தில் சீலண்ட் வைத்து அடைத்துவிடுங்கள்.

உப்புக்காற்றில் கூரை முதலில் சாவது திருகாணியில்தான். தகட்டுக்கு நல்ல பூச்சு வாங்கிவிட்டு மலிவான ஸ்குரூ போடுவார்கள். இன்னொன்று: ஏசியின் டிரெயின் தண்ணீரைத் தகரக் கூரைமேல் விடாதீர்கள். தாமிரக் காயிலைத் தொட்டு வரும் அந்தத் தண்ணீர் துத்தநாக, அலுமினியப் பூச்சை அரித்துத் துளைத்துவிடும்.

தீயைப் பற்றி. தெர்மோகோலும் எக்ஸ்.பி.எஸ்.ஸும் பஃப்பும் எரியும் பொருட்கள். கூரைக்கு மேலே காங்கிரீட்டுக்கு அடியில் புதைந்திருந்தால் பரவாயில்லை. ஆனால் ஷோரூம் முகப்பில் ஏ.சி.பி. (இரு அலுமினியத் தாள்களுக்கு நடுவே வேறு பொருள் வைத்த) தகட்டுக்குப் பின்னால் வைக்க யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 2017இல் லண்டனின் கிரென்ஃபெல் டவரில் 72 பேர் இறந்தது, எரியக்கூடிய நடுப்பகுதி கொண்ட அத்தகைய தகடும் பின்னாலிருந்த ஃபோமும் சேர்ந்து எரிந்த தீயில்தான். முகப்புக்கு ராக்வூல் (கல் இழைப் பஞ்சு), அதுவும் நீர் ஏற்காத ரகம்.

எல்லாம் முடிந்தபின் ஏசியில் ஒரு வேலை இருக்கிறது, பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. வெப்பச்சுமை குறைந்துவிட்டது, ஈரச்சுமை அந்த அளவுக்குக் குறையவில்லை. பழைய பெரிய ஏசி இப்போது சில நிமிடங்களிலேயே செட் செய்த டிகிரியைத் தொட்டு நின்றுவிடும். ஈரத்தைப் பிழிய அதற்கு நேரமே கிடைக்காது. அறை குளிர்ந்தும் பிசுபிசுப்பாக இருக்கும், ஊழியர்கள் இன்னும் இரண்டு டிகிரி குறைப்பார்கள், டக்ட் மறுபடி வியர்க்கும். ஆகவே இன்வெர்ட்டர் வகையாக இருந்தால் குறைந்த வேகத்தில் நெடுநேரம் ஓடும்படி அமையுங்கள், ஃபேன் வேகத்தைக் குறையுங்கள், புதுக்காற்றுக்குத் தனியாக ஈரநீக்கி வைக்க முடிந்தால் வையுங்கள். பத்து டன் ஏசி வைத்திருந்த இடத்தில் மாற்றும் நாள் வரும்போது மறுபடி பத்து டன் கேட்காதீர்கள், புதிதாகச் சுமைக் கணக்குப் போடச் சொல்லுங்கள்.

சீலிங்கில் இப்போது கிடக்கும் கிளாஸ்வூலைக் காயவைத்து மறுபடி பரப்பலாம் என்று நினைக்க வேண்டாம். நீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும், நனைந்த கிளாஸ்வூல் பாதி செத்த பொருள். பூஞ்சை பிடித்த பலகைகளோடு சேர்த்துப் பையில் கட்டி, முகமூடி அணிந்து, அலுவலகத்தில் ஆள் இல்லாத நாளில் அப்புறப்படுத்துங்கள். ஆனால் ஓட்டைகளை அடைத்து, மேல்தளத்து எக்ஸ்.பி.எஸ். வேலையும் முடிந்தபின்தான் அதை எடுக்க வேண்டும். முன்னாலேயே எடுத்தால் வெயில் காலத்தை வெறும் தளத்தின் கீழே கழிக்க வேண்டியிருக்கும்.