2006 மும்பை ரயில் குண்டுவெடிப்பு வழக்கில் தண்டிக்கப்பட்டவர்கள் ஏன் விடுவிக்கப்பட்டனர்?

2006 ஜூலை 11 மாலை, வேலை முடிந்து வீடு திரும்புவோர் நெருக்கியடித்து நின்ற மும்பை மேற்கு வழித்தடப் புறநகர் ரயில்களின் முதல் வகுப்புப் பெட்டிகளில் ஏழு குண்டுகள் பதினோரு நிமிடங்களுக்குள் வெடித்து, 180-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2015-இல் சிறப்பு நீதிமன்றம் ஐவருக்கு மரண தண்டனையும் எழுவருக்கு ஆயுள் தண்டனையும் விதித்தது.

சம்பவம் நடந்து நூறு நாட்களுக்குப் பிறகு சாட்சிகள் முகங்களை அடையாளம் காட்டியதை நம்ப இயலாது என்றும், ஒப்புதல் வாக்குமூலங்கள் சித்திரவதையின் நிழல் படிந்தவை என்றும், வெடித்த குண்டு எவ்வகையானது என்பதைக்கூட அரசுத் தரப்பு நிறுவவில்லை என்றும் கூறி, 2025 ஜூலையில் மும்பை உயர் நீதிமன்றம் பன்னிருவரையும் விடுவித்தது. அவர்களுள் ஒருவர் 2021-லேயே இறந்துவிட்டார் என்பது என்னை மிகவும் உறுத்துகிறது. அத்தீர்ப்பை முன்னுதாரணமாகக் கொள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சில நாட்களிலேயே தடை விதித்தது. ஆயினும் விடுதலையானவர்களை மீண்டும் சிறைக்கு அனுப்பவில்லை.